முந்திரிப்பால் பட்ட விரல்

காலை ஆறு ஐம்பது. கேட்டைத் திறந்ததும் கண்ணில் பட்டவை, எதிர்வீட்டு வாசலில் வரிசையாக நின்ற நான்கு ஓட்டோக்கள். வோட்டர்களை ஏற்றி இறக்க வந்தவை. எதிர்வீட்டுக் காக்கா நெல் வியாபாரி; இங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள், நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். கல்முனைக்குத் தெற்கே நாங்கள் இருக்கும் இந்த ஊரில், எங்கள் வட்டாரத்தில், பிரதேச சபைக்கு நின்றார். ஒரு வெள்ளத்தில் என் மனைவியை உழவு இயந்திரத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

நானும் மனைவியும் வோட்டுப் போடுவதில்லை. எங்கள் கிறிஸ்தவ சபையில் பதினாறு பேர். வாடகை மண்டபத்தில் கூடுகிறோம். கிறிஸ்துவை அரசராக ஏற்றவர் இன்னோர் ஆட்சிக்கு ஆள் தெரிவு செய்யக்கூடாது என்பது எங்கள் நம்பிக்கை. வரி கட்டுவோம், சட்டத்துக்கு அடங்குவோம், அத்துடன் சரி. பத்திரிகையில் இருந்தபோது இருபது வருடம் தேர்தல் செய்தி எழுதினேன். நான் வோட்டுப் போடாததை நடுநிலை என்று ஆசிரியர் பாராட்டினார். நான் திருத்தவில்லை.

முந்தின நாள் முந்திரிக்கொட்டை உடைத்ததில் பால் பட்டு இடது கை விரல்கள் கறுத்திருந்தன. வோட்டுப் போட்டவருக்கு மை பூசுவதும் இடது கையில்தான். எட்டு மணிக்குத் தேநீர்க் கடைக்குப் போனேன்.

“சேர் வெள்ளெனவே போட்டுட்டார் டோய்! விரலப் பாருங்க!” என்றான் காக்காவின் ஆள் ஒருவன். “ஆருக்குப் போட்டீங்க சேர்? சும்மா கேட்டன், சொல்லாதீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். கேட்காமலே ஒரு பிளேன்டீ வந்தது. குடித்தேன். அவன் தன் வாக்காளர் பட்டியலில் எங்கள் வீட்டுக்கு நேரே இரண்டு சரி அடையாளம் போட்டான். மனைவியும் என்னோடு போயிருப்பாள் என்று அவனாகவே முடிவு செய்திருந்தான்.

வோட்டுப் போடாமல் இருப்பது விசுவாசம். போட்டதாக நினைக்க விடுவது பொய். இதை எனக்குள் முடிவு செய்யப் பிற்பகல் மூன்று மணியாயிற்று. எதிர்வீட்டுக்குப் போனேன்.

“காக்கா, இது மை இல்ல, முந்திரிப்பால். நாங்க ரெண்டு பேரும் போடல்ல.”

என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

“மத்தப் பக்கத்துக்குப் போட்டாலும் வெளங்கும். ஒருத்தருக்கும் போடல்லயா?”

“ஒருத்தருக்கும் இல்ல. எங்களுக்கு ஒரு அரசர்தான் காக்கா.”

“அவர் நம்மட வட்டாரத்தில நிக்கல்லயே தம்பி.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“நாலு மணி மட்டும் நேரம் இரிக்கி. ஓட்டோ நிக்கிது. தங்கச்சியையும் ஏத்திட்டுப் போங்க. இந்த ஒரு தரம்.”

“ஏலா காக்கா.”

“அப்ப என்னத்துக்கு மூணு மணிக்கு வந்து சொல்ற? நாலரைக்குச் சொல்லியிருக்கலாமே.”

“நாலரைக்குச் சொன்னா, போடச் சொல்லி நீங்க என்னக் கேக்க ஏலாதே.”

காக்கா ஒரு பிளாஸ்டிக் கதிரையை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். ஓட்டோக்காரர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நாங்கள் நெல் விலை பற்றிக் கதைத்தோம். நான்கு மணிக்கு வாக்குச்சாவடியை மூடினார்கள்.

காக்கா தோற்றார். வித்தியாசம் மூன்று வோட்டு. எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு.