பத்து மணிப் பனி

செம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு சாயங்காலம், இடுப்பில் கட்டிய நாற்பதடி சிவப்புக் கயிறு பின்னால் மண்ணில் புரள, நான் நடந்துகொண்டிருந்தேன். எதிரே புல்லுக்கட்டோடு வந்த அம்மாள் நின்றாள்.

"இன்னா சார், மாடு அத்துகினு ஓடிப்பூடுச்சா?"

ஐம்பதடி தள்ளி நின்ற என் சக ஆசிரியர்கள் நால்வரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் பக்கத்து வீட்டு அண்ணன் மட்டும்தான். பட்டாளத்தில் பனிமலைக் காவலில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதுகளின் தொடக்கம் அது. மே விடுமுறையில் எங்கள் ஐவரையும் இமயமலையில் ஒரு கணவாயைத் தாண்டவைப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். பனி சரிந்து ஆளை மூடினாலும் கயிறு மேலே கிடக்கும், அதைப் பிடித்துக்கொண்டு தோண்டலாம் என்றார்.

"ஒருத்தர் தாண்டினப்புறம்தான் அடுத்தவரு. வெயில் ஏறினா பனி இளகிச் சரியும்; அதுக்குள்ள எல்லாரும் அந்தப் பக்கம்."

எனக்குச் சந்தேகம். முந்தின வருஷம் ஏப்ரல் முதல் தேதி, 'உங்கள் மச்சான் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார்' என்று சொல்லி அவரை உச்சிவெயிலில் கிளப்பிவிட்டவன் நான். பழிவாங்குகிறார் என்றே முடிவுகட்டினேன்.

மலையிலும் அந்தச் சந்தேகம் இறங்கவில்லை. விடியுமுன் எழுப்பினார். கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்திருக்கிறார் என்று கம்பளிக்குள் சுருண்டேன். பிறகு காப்பி கேட்டேன். பிறகு ஒரு காலுறையைக் காணோம் என்றேன். தாண்டவேண்டிய பனிச்சரிவை அடைந்தபோது மணி பத்து.

அதுவோ வெள்ளை வெளேரென்று, ஒன்றும் அறியாதது போலப் படுத்திருந்தது. அண்ணன் கைத்தடியை ஊன்றினார். பிடி வரைக்கும் இறங்கியது.

"திரும்புங்க."

"என்னண்ணா, பயமா? தாண்டிட்டு வர்றேன்னு தாம்பரம் பூரா சொல்லிட்டு வந்திருக்கேன்."

"திரும்பிப் போய்ச் சொல்ல ஆள் வேணும்ல சார்?"

வீம்புக்கு நாலடி வைத்தேன். முழங்கால் வரை புதைந்தது. அடியில் எங்கோ தொம்மென்று ஒரு சத்தம். எனக்கு மேலே பனியில் மயிரிழை போல விரிசல் ஓடியது. திரும்பி வந்த நாலடியைப் போல அவ்வளவு பணிவாக நான் எந்தக் கோயிலிலும் நடந்ததில்லை.

அன்று முழுக்கக் கூடாரத்தின் வாசலில் உட்கார்ந்து சரிவையே முறைத்தேன். பனி சரிந்து விழுந்தால் அண்ணன் சொன்னது சரி, விழாவிட்டால் நான் சொன்னது சரி. விழவில்லை. நான் ஜெயிக்க ஜெயிக்க, மறுநாள் கட்டவேண்டிய கயிற்றின் முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

மறுநாள் எல்லோரையும் உலுக்கி எழுப்பியவன் நான்தான். ராக்குளிரில் பனி சிமெண்ட் தரையாக இறுகியிருந்தது. தடி இறங்கவே இல்லை. விரிசலுக்கு வெகு தள்ளி, பாறை ஓரமாக அண்ணன் வழி காட்டினார்.

"நீங்க மொதல்ல போங்க சார்."

"நான் ஏன்?"

"வெயிட்டு நீங்கதான். உங்களத் தாங்கிச்சுன்னா எல்லாரையும் தாங்கும்."

அதையும் சிரிக்காமல்தான் சொன்னார். தாண்டினேன். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்துசேர்ந்தார்கள். கடைசியாக அண்ணன் பாதி வழியில் வரும்போது எதிர் முகட்டில் வெயில் மஞ்சளாக விழுந்தது. ஆகா, என்ன அழகு என்றார் கணக்கு வாத்தியார். அவர் வாயைப் பொத்திவிட்டு, சீக்கிரம் வாங்க என்று அண்ணனுக்கு இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் வந்துசேரும்வரை அந்த வெயில் மேலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.