வழிக்குக் குறுக்கே கிடந்த பச்சைக் கிளை

அஞ்செட்டிக் காட்டில், சின்னாற்றங்கரை டீக்கடையில் ஓசூர் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு அக்கா. காவிரிக்கரையில் இருக்கிற தாய்வீட்டிலிருந்து அவருடைய தம்பி காட்டுவழியாக நடந்து வருகிறாராம்.

அதே வழியில் நான்கு பையன்கள் வந்து சேர்ந்தார்கள். ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை ட்ரெக்கிங்.

"செம ரூட்டு ப்ரோ," என்றான் ஒருவன். "ஒரு இடத்துல மட்டும் பச்சைக் கிளைய ஒடிச்சு வழிக்குக் குறுக்கால போட்டிருந்தாங்க. பின்னாடி வர்றவங்களுக்கு இடைஞ்சலா இருக்கும்னு தூக்கி வீசிட்டோம்."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அய்யோ சாமி! ஆனை நின்னுக்கினு இக்குது, இந்தப் பக்கம் வராதீங்கன்னு முன்னால போனவங்க போட்டுட்டுப் போறதுடா அது. எந்தம்பி உங்களுக்குப் பின்னாலதான் வரான்!"

"ஸாரிக்கா. நாங்க ஆனையே பாக்கலியே."

அக்கா தம்பிக்குப் போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும் போட்டார். அதே பதில்.

பஸ் வந்தது. இதை விட்டால் இன்றைக்கு வேறு பஸ் இல்லை. ஏறிவிட்டேன். அக்கா காட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

பையன்களும் இதே பஸ்தான். முன்சீட்டில் உட்கார்ந்து வீடியோவை ஏற்றிவிட்டார்கள். 'தனியாகவே நடக்கலாம், அவ்வளவு சேஃப்' என்று மேலே எழுதியிருக்கிறார்கள். லைக் குவிகிறது.

சின்னாற்றங்கரையிலோ காவிரிக்கரைப் பக்கமோ யாராவது இருந்தால் இங்கே பதில் போடுங்கள். லைக் வேண்டாம். காலையில் அந்தக் காட்டுக்குள் போனவர் வெளியே வந்துவிட்டாரா என்று மட்டும் சொல்லுங்கள்.