வலிக்காத நகச்சுற்று

என் ஆள்காட்டி விரலைக் குணப்படுத்தியது எலுமிச்சம்பழம்தான் என்று இரண்டு மாதம் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், வில்லியனூரில் என்னிடம் பல் பிடுங்க வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பழத்தின் மகிமையைச் சொல்லியும் அனுப்பினேன்.

நகத்தோரம் ஒரு புண். நகச்சுற்று என்றால் உயிர் போகவேண்டும்; எனக்கு வலியே இல்லை. பழத்தைத் துளைத்து விரலில் மாட்டிக்கொள்வேன், வாய் பார்க்கும்போது மட்டும் கழற்றி வைப்பேன். வலிக்காத புண்ணுக்குத்தான் அதிகம் பயப்படவேண்டும் என்பது அப்போது தெரியாது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

புண் ஆறியது. அக்குளில் நெறி கட்டியது. பிறகு உள்ளங்கையில் செம்புநிறத் திட்டுகள். குஷ்டம் என்று நானே முடிவு கட்டி, உணர்ச்சி இருக்கிறதா என்று ஊசியால் குத்திப் பார்த்து, தெரு கேட்க அலறினேன்.

"வலிச்சா நல்லதுதானே! அதுக்கு இன்னாத்துக்குக் கத்துறீங்க?" என்று சிரித்தாள் மனைவி ஞானம். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துத் தங்கிய முதல் கரு. அவளுக்கு அப்போது ஐந்து மாதம்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "வெளியே போற பழக்கம் உண்டா?"

"தெனமும் காலையில போறேங்க, ஏரிக்கரைப் பக்கம்."

அவர் சிரிக்கவில்லை. ரத்தம் எடுத்தார். மறுவாரம் சிபிலிஸ் (பறங்கிப்புண்; பெரும்பாலும் உடலுறவில் தொற்றும் நோய்) என்றார். பிரெஞ்சுப் பறங்கியர் கொடியை இறக்கிக்கொண்டு போயாயிற்று, பெயரை மட்டும் என் விரலில் விட்டுவிட்டார்களே என்று ஒரு வேடிக்கை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"நான் அப்படிப்பட்ட எடத்துக்குப் போனதே இல்லீங்க."

"என்ன தொழில்?"

"பல் பிடுங்குறது."

விரலைத் திருப்பிப் பார்த்தார். "வெறுங்கையிலயா?"

அப்போதுதான் பாகூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் நினைவுக்கு வந்தார். உதட்டுக்குள் வெள்ளைத் திட்டு இருந்தது. "கடிச்சுடாதப்பா, நானும் திருப்பிக் கடிப்பேன்" என்றேன். அவர் சிரித்தார். சிரித்த பல்தான் என் நகத்தோரம் கீறியது. பல் பிடுங்கும் குறட்டைத் தினமும் கொதிக்க வைத்தேன். விரலை யார் கொதிக்க வைப்பார்கள்?

"சம்சாரத்தை உடனே கூட்டிட்டு வாரும். வயித்துப் பிள்ளைக்கும் போகும்" என்றார் டாக்டர்.

வீட்டில் சொன்னேன். ஞானம் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்: "ஏன்யா, வெரல் மட்டும் தனியா போயிட்டு வந்துச்சா?"

முதல் தடவையாக 'ங்க' இல்லை. மூன்று வாரம் அவள் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தாள்.

அந்த நாட்களில், என் விரல் நுழைந்த வாய்களை நினைவுபடுத்தித் தேடிப் போனேன், ரத்தம் பாருங்கள் என்று சொல்ல. காட்டேரிக்குப்பத்தில் ஒருவர் செருப்பைக் கழற்றினார். நியாயம்தான்.

கடைசியில் வந்தாள். "அவர் சொல்றது நிசம்தாம்மா. நோயாளி வாயிலேர்ந்து விரலுக்கு வந்தது" என்றார் டாக்டர். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தாள். அவள் ரத்தத்திலும் இருந்தது. இருவருக்கும் பெனிசிலின் ஊசி போட்டார்கள்.

இப்போது ரப்பர் உறை போட்டுக்கொள்கிறேன். சாப்பிடும்போது அந்த விரல் மட்டும் யாருடையதோ போல ஒதுங்கி நிற்கிறது. எந்த மாதத்தை எண்ணினாலும் கணக்கு அந்த மூன்று வாரத்தில் வந்து நின்றுவிடுகிறது.

எனக்குக் குணமாகிவிட்டது. ஞானத்துக்கும் குணமாகிவிட்டது. குழந்தை ஏழாம் மாதத்தில் இறந்து பிறந்தது.