குட்டி ரயிலும் வேர்க்குருவும்

இன்றைக்குத் தீம் பார்க் என்கிறார்கள். எண்பதுகளில் எங்கள் மாரண்டஹள்ளியில் அப்படி ஒரு சொல் கிடையாது. நாங்கள் அதைப் 'பெங்களூர் பார்க்கு' என்றுதான் சொன்னோம். அங்கே குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒரு குட்டி ரயில் ஓடுகிறது, ராட்டினம் இருக்கிறது, படகு இருக்கிறது என்று பெரியப்பா சொன்ன நிமிடத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் வகுப்பு முடிந்து முழுப்பரீட்சை லீவில் இருந்தேன். அதுவரை நான் பார்த்த பெரிய ஊர் பாலக்கோடு. பெங்களூரில் பெரியப்பா வீட்டுக்கு ஒரு தடவை போயிருந்தாலும் வீட்டை விட்டு வெளியே வந்து எதையும் பார்த்ததில்லை.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். பெங்களூரில் ஏதோ கம்பெனியில் வேலை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் அவருக்கும் பெரியம்மாவுக்கும் குழந்தை இல்லை. எங்கள் வீட்டிலோ நானும், ஒன்றரை வயதில் தங்கச்சிப் பாப்பாவும். ரெண்டும் பொண்ணாகப் போச்சு என்று ஊரே எங்கள் அப்பாவிடம் துக்கம் விசாரித்துவிட்டது. அந்தச் சித்திரை மாதத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தபோது, பெரியம்மா பாப்பாவை மடியை விட்டு இறக்கவே இல்லை. காலில் போட்டால் கீச் கீச்சென்று சத்தம் வருகிற சிவப்பு ஷூ வாங்கித் தருவதாக அதன் காதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வர்ற சனிக்கெழம வாடகைக் கார் எடுத்துக்கிட்டு வரோம். எல்லாரும் பார்க்குக்குப் போலாம். சாயங்காலம் நீங்க மூணு பேரும் ஊருக்கு பஸ் ஏறிருங்க. பாப்பா எங்ககூட இருக்கட்டும்" என்றார் பெரியப்பா.

"எத்தன நாளைக்குங்க மாமா?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணன் வூடு என்ன அசலா?" என்றார். இதெல்லாம் என் காதிலும்தான் விழுந்தது. ஆனால் என் காது முழுக்க ரயில் ஓடிக்கொண்டிருந்ததால் வேறெதுவும் உள்ளே போகவில்லை.

அவர்கள் கிளம்பிப் போன அன்றைக்கே அம்மா ஆரம்பித்துவிட்டாள். இந்த அக்கினி வெயிலில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் எப்படிப் போவது என்றாள். அப்பா யோசிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். கார் ஜன்னலில் ஈரத்துண்டைக் கட்டிவிட்டால் ஜில்லென்று இருக்கும் என்றேன். அப்பா என் தலையைத் தட்டி, "எம்புள்ளைக்கு இருக்கற மூளயப் பாரு" என்றார். அவர் என்னைப் புகழ்வது வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற காரியம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் அம்மா பாலைப் பிடித்துக்கொண்டாள். நம் மாட்டுப் பாலைத் தவிர வேறு பாலைப் பாப்பா குடிக்காது என்றாள். நான் விடவில்லை. போன வாரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு டம்ளர் பாலை அது மடக்கு மடக்கென்று குடித்ததை எடுத்துவிட்டேன். வண்டியில் போனால் வாந்தி எடுக்கும் என்றாள். எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுக்கலாம் என்றேன். தன்னுடைய பழைய சேலையில் தூளி கட்டினால்தான் தூங்கும் என்றாள். அந்தச் சேலையையே கொடுத்தனுப்பலாமே, பெரியப்பா வீட்டு உத்தரத்தில் கொக்கிகூட இருக்கிறதே என்றேன். இத்தனை பதிலும் கையில் வைத்திருந்த என்னை அம்மா ஏன் அப்படி முறைத்தாள் என்று எனக்குப் புரியவில்லை. ஒருவேளை அவளுக்குப் பார்க்குக்குப் போக இஷ்டமில்லையோ, தான் வராததோடு என்னையும் கெடுக்கப் பார்க்கிறாளோ என்று ஆத்திரமாக வந்தது.

கடைசியில் அம்மா, "புதுசா ஒருத்தரு தூக்குனா அவ வீல்னு கத்துவாங்க" என்று அப்பாவிடம் சொன்னாள்.

"பெரியம்மாகிட்ட சிரிச்சிக்கிட்டே போனாளேம்மா. உன்ன ஒரு தடவகூடத் தேடலியே" என்றேன்.

தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. ரத்தம் கட்டிப்போகிற மாதிரி கிள்ளு. கிள்ளியவளும் அம்மாதான், அடுத்த நிமிடம் அடுப்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தியவளும் அம்மாதான். கிள்ளு வாங்கிய நான் அழாமல் இருக்கும்போது இவளுக்கு என்ன அழுகை என்று குழம்பிப்போனேன்.

வியாழக்கிழமை அப்பா பாப்பாவின் துணியெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னார். ஒரு நாள் பார்க்குக்கு எதற்கு இத்தனை கவுன்? அடுத்த தீபாவளிக்கு ஆகட்டும் என்று பெரிதாகத் தைத்து வைத்திருந்த பாவாடைகூடப் பைக்குள் போனது. எனக்கு மட்டும் ஒரே ஒரு கவுன். இதில் ஏதோ ஓரவஞ்சனை இருக்கிறது என்று நினைத்தேன். அம்மா ஒவ்வொரு துணியாக மடிப்பாள், பிரிப்பாள், திரும்ப மடிப்பாள். அன்று மாலை பாப்பாவின் முதுகில் வேர்க்குருவுக்குப் பவுடர் போட்டுவிட்டது நான்தான். அதே டப்பாவிலிருந்து என் கழுத்து வேர்க்குருவுக்கும் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கண்விழித்தால் எங்கள் வாசல்நிலையில் கொத்துக் கொத்தாக வேப்பிலை தொங்குகிறது. பாப்பா வேப்பிலைப் படுக்கையில் உட்கார்ந்து இலைகளைப் பிய்த்து விளையாடிக்கொண்டிருந்தது. அதன் மேலெல்லாம் மஞ்சள் பூசியிருந்தது.

"ஆத்தா வந்திருக்கா" என்றாள் அம்மா, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு அம்மை வந்துவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் வீட்டில் தாளிக்கக் கூடாது, யாரும் ஊர்ப்பயணம் போகக் கூடாது, அசலார் படி ஏறக் கூடாது. போலீசுக்குப் பயப்படாதவனும் மாரியம்மனுக்குப் பயப்படுவான். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு நாலடி தள்ளி நின்றார். கிட்டே போய்ப் பார்க்கவில்லை.

"அம்மா, அது வேர்க்குரு. எனக்கும்தான் கழுத்துல இருக்குது. அப்ப எனக்கும் அம்மையா?" என்று கேட்டேன்.

அம்மா ஒரு விநாடி யோசித்துவிட்டு, "உனக்குந்தான்" என்று சொல்லி என் தலைமாட்டிலும் ஒரு கொத்து வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கார் வந்தது. முன்கூட்டித் தகவல் சொல்ல அன்று யார் வீட்டில் போன் இருந்தது? பெரியம்மா பட்டுச்சேலையில், கையில் ஒரு அட்டைப்பெட்டியுடன் இறங்கினாள். சிரித்துக்கொண்டே வந்தவள், வேப்பிலையைப் பார்த்ததும் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். அம்மா பாப்பாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நிலைப்படிக்கு உள்ளே நின்றாள். அப்பா காருக்குப் பக்கத்தில் போய் அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரின் கதவு திறந்தபடியே இருந்தது. என் ரயில் இதோ திரும்பிப் போகப்போகிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

"பெரியம்மா, அது அம்மை இல்ல. வேர்க்குரு. நான்தான் பவுடர் போட்டேன். அம்மா பொய் சொல்லுது" என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா பாப்பாவின் கழுத்தைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நாலடி தூரம்தான். காலை வெளிச்சத்தில் எல்லாமே நன்றாகத் தெரிந்தது.

"புள்ள என்ன சொல்லுது?" என்று காரடியிலிருந்து பெரியப்பா கேட்டார்.

"பார்க்குக்குப் போவ முடியலன்னு அழுவுதுங்க. வாங்க போலாம். ஆத்தா இருக்கற வூட்டு முன்னால ரொம்ப நேரம் நிக்கக் கூடாது" என்றாள் பெரியம்மா.

அந்த அட்டைப்பெட்டியை வாசல் கல்லின்மேல் வைத்தாள். "நல்லானதும் போட்டு வுடு. நீயே வச்சுக்க" என்று அம்மாவிடம் சொன்னாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்க் காரில் ஏறினாள்.

நான் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் பெரியம்மாவுக்கு வேர்க்குருவுக்கும் அம்மைக்கும் வித்தியாசம் தெரியவில்லையே, குழந்தை வளர்த்திருந்தால்தானே தெரியும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். கார் கிளம்பியது. அம்மா பாப்பாவைக் கீழே இறக்கிவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். ஆத்தா வீட்டுக்குள்ளே இருக்கும்போது, இவள் ஏன் போகிற காரைப் பார்த்துக் கும்பிடுகிறாள் என்றுதான் எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.