மெதுவாக மிதித்தபோது இறங்கிய பிரேக்

வெயிலில் கிடந்த பிரேக் பெடலின் ரப்பர் சுர்ரென்று சுட்டது. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறியிருந்தேன். உள்ளே டீசல் வாசனை, பின்னால் பலகைகளில் ஊறிப்போன மீன் வாசனை... வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு லாரியின் டிரைவர் சீட்டில் நான்.

கல்யாணமாகி நெல்லித்தோப்புக்கு வந்த புதிது. என் வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு பழைய டீசல் லாரி வைத்திருந்தார். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏற்றி விழுப்புரம் பக்கம் கொண்டுபோய் இறக்குவார். நல்ல மனிதர், பேச்சுதான் வராது. "சாப்ட்டியா", "போயிட்டு வரேன்"... அவ்வளவுதான். நான் கடலோரக் கிராமமான பிள்ளைச்சாவடியில் அம்மா, அக்காக்களோடு கலகலவென்று வளர்ந்தவள். இங்கே எனக்குத் துணை ரேடியோதான்.

அன்று லோடு இறக்கிவிட்டு வந்தவரின் முகம் வெளிறியிருந்தது. தண்ணீர் கூடக் கேட்கவில்லை. சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம் வாசலில் வந்து தயங்கி நின்றார்.

"மலரு... கொஞ்சம் வண்டில ஏறி பிரேக்க மிதிக்கிறியா? நான் கீழ படுத்துப் பாக்கணும்."

பெடல் சாஃப்ட்டாக இருக்கிறது என்று இவர் சொன்னதில், மெக்கானிக் பாஷா பாய் முந்தின மாதம்தான் பிரேக் பைப்பில் இருந்த காற்றை எடுத்துக் கொடுத்திருந்தார். கொஞ்ச நாள் சரியாக இருந்துவிட்டு மறுபடியும் அதே கதை. பாய் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் காரைக்கால் போய்விட்டார். வேறு ஆள் இல்லாமல்தான் இவர் என்னைக் கூப்பிட்டார்.

அவர் கீழே, நான் மேலே. நடுவில் லாரி.

"நாலஞ்சு தடவ நல்லா மிதிச்சிட்டு அப்டியே அழுத்திப் புடி. எப்டி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்குங்க."

டார்ச்சோடு ஒவ்வொரு சக்கரமாக ஊர்ந்து போனார். "ஒரு சொட்டு ஈரம் இல்ல. டேங்குலயும் பிரேக் ஆயில் கொறையல. அப்புறம் எங்கதான் போவுது..."

எனக்குக் கால் வலித்தது. எடுத்துவிட்டு, மறுபடி மெதுவாக வைத்தேன். பெடல் நிற்கவில்லை.

"ஏங்க... இது எறங்குதுங்க."

"மிதிச்சா எறங்கத்தான செய்யும்."

"அப்டி இல்லீங்க. ஓங்கி மிதிச்சா நிக்குது. லேசா வச்சா தானா கீழ போவுது. அலை திரும்பிப் போவும்போது காலடி மணலு எறங்குமே... அந்த மாதிரி."

கீழே ஊர்ந்துகொண்டிருந்த டார்ச் வெளிச்சம் நின்றது. பிறகு, "இன்னொரு தடவ பண்ணு," என்றார். பண்ணினேன். அதேபோல் இறங்கியது.

"அப்ப காத்து இல்ல மலரு. காத்துன்னா பஞ்சு மாதிரி அமுங்கிட்டு துள்ளி மேல வரும். இது, ஆயில சக்கரத்துக்குத் தள்ற மாஸ்டர் சிலிண்டர் உள்ள இருக்கற ரப்பர் கப்பு. தேஞ்சிருக்கு. ஆயில் வெளிய போவல, உள்ளுக்குள்ளயே நழுவுது. நான் ஓங்கி ஓங்கி மிதிச்சே பாத்துட்டு இருந்திருக்கேன்."

அதோடு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

"காலைல ரயில்வே கேட்டாண்ட பெடல் அடி வரைக்கும் போயிடுச்சி. முன்னாடி பள்ளிக்கூடப் புள்ளைங்க ஆட்டோ. பம்பு பண்ணி, கியரக் கொறைச்சி, ஹேண்ட்பிரேக்க இழுத்து... ஆட்டோவ இடிக்கிற மாதிரி போய் நின்னுச்சி. அதுல ஒரு சின்னப் பொண்ணு என்னப் பாத்து சிரிக்குது மலரு. அதுக்கு ஒண்ணுமே தெரியாது..."

அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. பெடலிலிருந்து காலை எடுக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"சாயந்திரம் லோடு இருக்குன்னீங்களே?"

"ஒத்துக்கிட்டேன். போவலன்னா மீன் கெட்டுப்போவும். மெதுவா ஓட்டிட்டுப் போயிட்டு வந்துடலாம்னு..."

"போவாதீங்க."

அவரிடம் நான் சொன்ன முதல் 'வேணாம்' அதுதான். சொன்ன பிறகு எனக்கே பயமாக இருந்தது. அவர் கீழேயிருந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"போவல," என்றார்.

லோடு இன்னொருவர் லாரியில் போனது. கோபித்துக்கொண்ட வியாபாரி ரொம்ப நாள் எங்களைக் கூப்பிடவில்லை. ஆனால் அன்று மாலை எங்கள் வீட்டில் ரேடியோவைப் போடவேண்டிய தேவை இருக்கவில்லை.

பாஷா பாய் ஊரிலிருந்து வந்து மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தார். ரப்பர் கப்பின் விளிம்பு மழமழவென்று தேய்ந்திருந்தது. "யாருப்பா கண்டுபுடிச்சது?" என்று கேட்டார்.

"வீட்ல," என்றார் இவர். பாய் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தார். நான் உள்ளே ஓடிவிட்டேன்.

புதுக் கப்பு மாட்டியதும் ஓட்டிப் பார்க்கவேண்டுமே. "ஏறு," என்றார். எங்கே என்று சொல்லவில்லை. லாரி வடக்கே திரும்பிக் கடலோர ரோட்டைப் பிடித்தபோதுதான் புரிந்தது, பிள்ளைச்சாவடிக்கு. நான் கேட்கவே இல்லை. வழியில் ஒரு நிறுத்தத்தில் பெடலை லேசாக மிதித்துப் பிடித்துக்கொண்டு, "பாரு, எறங்கல," என்று காட்டினார். வீட்டு வாசலில் லாரி வந்து நின்றதைப் பார்த்த அம்மா, என்னவோ ஏதோ என்று பதறி ஓடிவந்தாள். "ஒண்ணுமில்ல அத்த, பிரேக் டெஸ்ட்டு," என்றார் இவர்.

அந்த லாரியை விற்று எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இப்போது வீட்டில் சின்ன கார். ஏதாவது கோளாறு என்றால் டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது. சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டு ஏசி அறையில் ஆளுக்கொரு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். யாரும் யார் காலையும் நம்பவேண்டியதில்லை.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஓட்டுவதில்லை. நான்தான் ஓட்டுகிறேன், அவர் பக்கத்தில். நான் பிரேக் போடும்போதெல்லாம் அவருடைய வலது காலும் தரையை அழுத்துகிறது...

"அங்க பெடல் இல்லீங்க," என்றேன் ஒருநாள்.

"தெரியும், நீ ஓட்டு," என்றார். காலை மட்டும் எடுக்கவில்லை.