நீலச் சீவலைப் பார்த்தவன்

ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். கூலிக்குச் சேர்ந்த சிந்தாதிரிப்பேட்டை பட்டறையையே வாங்கினேன், ஏழு லேத் போட்டேன், கோபாலபுரத்தில் வீடும் கட்டினேன். பட்டறைக்கு அடையாறிலிருந்து ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி வந்தாள். லேத்தில் கடையும்போது எழும் சூட்டில் எஃகின் மேல்தோல் எவ்வளவு இறுகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டிருந்தாள். அதைச் சோதிக்க நான் கடைந்து கொடுத்த எஃகுத் தண்டோ அதைவிட அதிகமாக இறுகியிருந்தது.

"உங்க மெஷின்தான் சரியில்ல, அங்கிள்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தத் தண்டிலிருந்து உரிந்து கீழே கிடந்த நீல எஃகுச் சீவலை எடுத்து நீட்டினேன்.

"இன்னாம்மா, சூடு ஏறாமலா இது நீலமாச்சு? உன் கம்ப்யூட்டர்ல டூல் புதுசா கீது. இங்க முனை தேஞ்சு கீது, உரசி உரசி சூட்ட ஏத்துது."

தேய்ந்த முனையை வைத்து மறுபடி கணக்குப் போட்டாள். அச்சாகப் பொருந்தியது. இப்போது ஆராய்ச்சிக் கட்டுரையில் 'பட்டறைக்கு நன்றி' என்று எழுதியிருக்கிறாள். பட்டறையாம்மா சீவலைப் பார்த்தது? என் பேரைப் போடு.