நாணலுக்குள் அவன் குரல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன், ஒரு சொல் கூட்டவில்லை. நான் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன். பேயை நம்புகிற தொழில் இல்லை அது. பெட்டி பாதியில் நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பொறுமையாகத் தேடினால் ஏதாவது ஒரு ஸ்விட்சிலோ வயரிலோ கிடைத்துவிடும். வேலைக் காலம் முழுக்க அப்படித்தான் தேடினேன், கிடைத்தது. இதற்கு மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

என்னோடு வந்தவன் என் மைத்துனன். முதலில் எனக்கு ஜோடியாக வேலைக்குச் சேர்ந்தான், அப்புறம்தான் அவன் அக்காவை நான் கட்டிக்கொண்டேன். லிப்ட் வேலையில் ஜோடி என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். ஒருவர் மேலே மோட்டார் அறையில் இருப்பார். மற்றவர் குழிக்குள், பெட்டியின் கூரைமேல் நிற்பார். நடுவில் பத்து மாடி இருட்டு. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. "நிறுத்திட்டியா?" என்று கீழே இருப்பவர் கேட்பார். "நிறுத்திட்டேன்" என்று மேலிருந்து வர வேண்டும். கேட்ட சொல்லையே திருப்பிச் சொன்னால்தான் கணக்கு. அது காதில் விழுந்த பிறகே கம்பிவடத்தில் கை வைப்போம். தவறினால் கை போகும், அல்லது ஆளே போவார்.

அவன் குரல் வந்தால் நான் யோசிக்க மாட்டேன். அந்தப் பழக்கம்தான் என்னைக் கொல்லப் பார்த்தது.

எனக்குப் பறவை பார்க்கும் பித்து. அவனும் ஓய்வு பெறட்டும் என்று காத்திருந்து, இருவரும் ஒரு பழைய வேனை வாங்கிப் பின்னால் படுக்கை போட்டோம். குளிர் தொடங்கும் முன் தெற்கே கிளம்பினோம். போகப் போக வெயில் கனத்தது. சட்டைகள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின.

"கொக்க பாக்க ஊர்ல குளமே இல்லையா அத்தான்? இதுக்கு இவ்ளோ தூரமா?" என்பான்.

"வண்டிய ஓட்டு மாப்ள. கொக்கு உன்னைப் பாக்கக் காத்துட்டிருக்கு."

இப்படிப் பேசிக்கொண்டேதான் அந்தப் பெரிய ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். கரைமேல் ஒற்றை மண்சாலை. ஒரு பக்கம் உப்பு வெளி. மறுபக்கம் கண்ணுக்கு எட்டியவரை நாணல், ஆள் உயரத்துக்கு மேல்.

நான் தேடியது புள்ளிபோட்ட சின்னக் கானாங்கோழி. நாணலை விட்டு வெளியே வராத பறவை. அதை வரவழைக்க ஒரு வழி உண்டு. அதன் குரலைப் பதிவு செய்து, ஒரு சின்ன ஸ்பீக்கரில் அதற்கே போட்டுக் காட்டுவது. தன் இடத்தில் வேறொருவன் புகுந்துவிட்டான் என்று எண்ணி அது ஓடி வரும். பாவமான தந்திரம்தான். ஆனால் தப்பாமல் வேலை செய்யும்.

மாலை ஆறு மணி இருக்கும். வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. நாணலுக்குள் இறங்க இரண்டு ஒற்றையடிப் பாதைகள். அவன் ஸ்பீக்கரோடு இடப்பக்கம் இறங்கினான், நான் வலப்பக்கம். கெட்டித் தரை யாருக்குக் கிடைக்கிறதோ அவர் மற்றவரைக் கூப்பிடுவது என்று பேச்சு. என் போன் வேனில் சார்ஜில் கிடந்தது.

கொஞ்ச தூரம் போனதும் என் பாதை முடிந்துவிட்டது. திரும்பலாமா என்று நின்றேன்.

"வாங்க அத்தான்."

முன்னால் இருந்து வந்தது. அவன் குரல்தான். கடைசியில் லேசாக இழுக்கிற அதே இழுப்பு.

"தரை எப்படி மாப்ள?"

"வாங்க அத்தான்."

கேட்டதைத் திருப்பிச் சொல்லவில்லையே என்று மனதில் ஒரு முள் குத்தியது. சரி, ஓய்வு பெற்றவன், மறந்திருப்பான். நாணலை விலக்கிக்கொண்டு நடந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். தவளைச் சத்தம் இல்லை. நாங்கள் வந்து இறங்கியபோது காதைப் பிளந்த சத்தம்... ஒரேயடியாக நின்றிருந்தது. மாலை நேரத்து ஏரியில் ஒரு கொசுகூட இல்லை.

"வாங்க அத்தான்."

நாணலைப் பற்றி ஒன்று சொல்கிறேன். ஆள் நடந்து போனால் தண்டுகள் அவர் போன பக்கமாகச் சாயும். உடனே நிமிராது, கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கும். எனக்குப் பின்னால் நான் சாய்த்த வழி தெரிந்தது. எனக்கு முன்னால்...

ஒரு தண்டுகூடச் சாயவில்லை.

அப்படியானால் அவன் எப்படி முன்னால் போனான்?

"மாப்ள, எங்க நிக்கிற?"

"வாங்க அத்தான்."

இன்னொன்றும் உறைத்தது. நான் எவ்வளவு நடந்தாலும் குரல் அதே தூரத்தில்தான் இருந்தது. கிட்டே வரவும் இல்லை, விலகவும் இல்லை.

இவ்வளவு தெரிந்தும் இன்னொரு அடி வைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். அவன் குரல். அவ்வளவுதான்.

கால் இறங்கியது.

முழங்கால்... தொடை... இடுப்பு.

சேறு ஆளை விழுங்குவதில்லை. பிடித்துக்கொள்ளும். காலைத் தூக்கினால் அடியில் காற்று போக வழியில்லாமல் உறிஞ்சும். உதற உதற இறுகும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் உதறினேன்.

"மாப்ள! சேத்துல மாட்டிக்கிட்டேன்! கயிறு எடுத்துட்டு வா!"

இன்னொரு முறை கத்தினேன்.

பிறகு எனக்குப் பின்னால், தூரத்தில், கரைமேல்... வேன் ஸ்டார்ட் ஆகிற சத்தம்.

பெல்ட் கீச்சிட்டது. எங்கள் வேன்தான். அந்தக் கீச்சை எங்கே கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

கியர் விழுந்தது. நகர்ந்தது.

சாவி அவனிடம். வேனில் அவன்.

வேன் சத்தம் தேய்ந்துகொண்டே போனது...

எனக்கு முன்னால், அதே தூரத்தில்...

"வாங்க அத்தான்."

இரு கையாலும் பக்கத்து நாணலைப் பற்றினேன்.

"வாங்க."

அதில் மூச்சே இல்லை.

"வாங்க."

நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மல்லாக்கச் சாய்ந்தேன். உடம்பை அகலப் பரப்பினால் எடை ஒரே இடத்தில் இறங்காது. கைக்கு எட்டிய நாணலை எல்லாம் வளைத்து முதுகுக்குக் கீழே போட்டேன். ஒரு காலை மெல்லச் சுழற்றி இளக்கினேன். பிறகு அடுத்த கால். முதுகாலேயே தவழ்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. குரல் நிற்கவே இல்லை. நான் கரையைத் தொட்ட நொடியில் நின்றது. தவளைகள் எல்லாம் சேர்ந்து கத்தத் தொடங்கின.

இருட்டியிருந்தது. மீன் ஏற்றிவந்த லாரி ஒன்று நின்றது. டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சீட்ல சாக்கு போட்டு உக்காருங்க" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

அடுத்த ஊர் பெட்ரோல் பங்கில் எங்கள் வேன் நின்றது. அந்தப் புழுக்கத்தில் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. முதலில் என் கால்களைப் பார்த்தான். சேறு சொட்டித் தரையில் விழுவதைப் பார்த்தான். பிறகுதான் லாக்கை எடுத்தான்.

"ஏன்டா விட்டுட்டு வந்த?"

"நீங்க முன்னாடியே நடந்து போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

ஒரே சாலை. நான் நடந்திருந்தால் என்னைத் தாண்டித்தான் அவன் போயிருக்க வேண்டும். அவனுக்கும் அது தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்தே சொன்னான்.

அந்தக் குரலைப் பற்றி நான் அவனிடம் வாய் திறக்கவில்லை. அன்றைக்குப் பேயைவிட அவன் செய்ததுதான் எனக்கு வலித்தது. என் உயிரை எத்தனை ஆயிரம் முறை அவன் கையில் கொடுத்துவிட்டுக் குழிக்குள் இறங்கியிருப்பேன். மறுநாள் காலை அவன் பஸ் பிடித்து ஊருக்குப் போனான். நான் வேனைத் தனியாக ஓட்டி வந்தேன்.

எட்டு மாதம் பேச்சு இல்லை. என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் பட்டப்பகலில் தம்பியைக் கையோடு இழுத்துவந்து என் அறையில் தள்ளினாள்.

"வேல பாத்த காலத்துல ஒருத்தர் உசுரு ஒருத்தர் கையில இருந்துச்சு, அப்பல்லாம் சண்டை இல்ல. ஒரு குருவிய பாக்கப் போயி சண்டையாம். பேசி முடிச்சிட்டு வெளிய வாங்க." கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அவன் ரொம்ப இளைத்திருந்தான். தரையைப் பார்த்தபடியே உட்கார்ந்தான்.

"ஸ்பீக்கர்ல சார்ஜ் தீந்துபோச்சு. வேனுக்குத் திரும்பி வந்தேன்" என்றான். "வேனுக்கு அந்தப் பக்கத்துலேருந்து உங்க குரல் கேட்டுச்சு அத்தான்."

"என் குரலா?"

"உங்க குரலேதான். ஆனா நீங்க தூரத்துல நாணலுக்குள்ள போறீங்க. கரைமேலேருந்து உங்க தொப்பி எனக்குத் தெரியுது."

நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"என்ன சொல்லுச்சு?"

"ஒருத்தர்தான் திரும்பிப் போகலாம், யாரு மாப்ளன்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

அவன் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் போறேன்னு சொன்னேன்... அவர் இருக்கட்டும்னு சொன்னேன்."



"அதுக்கப்பறம்தான் நாணலுக்குள்ளேருந்து என் குரல் கேட்டுச்சு. உங்கள கூப்பிட்டுச்சு. நான் வாயை மூடிட்டு நிக்கிறேன் அத்தான், என் குரல் உங்கள கூப்பிடுது. நீங்களும் போறீங்க."

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே."

"குடுத்திருக்கலாம். ரெண்டு பக்கமும் என் குரல் கேட்டா நீங்க அப்படியே நின்னிருப்பீங்க. எனக்குத் தெரியும்."

"அப்பறம் ஏன் குடுக்கல?"

முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான்.

"நீங்க நின்னுட்டா, அது என்கிட்ட வந்திருக்கும்."

கதவுக்கு வெளியே என் மனைவி கேட்டாள். "என்ன, பேசி முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு" என்றேன்.